பத்ரோன் இல்லாத கோடை

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எதையும் மறைக்க முடியாது என்று சொல்வார்கள். அது முழுப் பொய். ஒருவருடைய சீனி வருத்தம், அவருடைய மச்சானின் விவாகரத்து, மகள் எந்தப் பெடியனோடு மெட்ரோவில் போனாள் என்பதையெல்லாம் கடைவாசலில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவர் வதிவிட அனுமதிக் கார்ட்டுக்குப் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதை அவரோடு ஒரே அறையில் படுத்தெழும்பினாலும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்காகப் பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகத்தில் டொசியே, அதாவது விண்ணப்பக் கோப்பு, கொடுத்தவன் வாயைத் திறக்கமாட்டான். வெளியே தெரிந்தால் யாராவது மொட்டைக் கடிதம் எழுதிப் பெட்டிசம் அடித்துவிடுவான் என்று பயம். பெட்டிசம் அடிக்காவிட்டாலும் நாவூறு பட்டுவிடுமாம். இதுவரை எவன் யாருக்குப் பெட்டிசம் அடித்தான் என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. அடித்தது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சொல்லப்போனால் மற்றவர்களைவிட ஒருபடி மேல்.

2009 கடைசியில் பாரிஸுக்கு வந்தேன். அகதி வழக்கு இரண்டு தடவையும் தள்ளுபடியானது. யாழ்ப்பாணத்தில் மனைவியும், நான் வெளிக்கிட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த மகனும் இருந்தார்கள். கார்ட் கிடைத்தால் அவர்களை இந்தியாவுக்கு வரச்சொல்லிப் போய்ப் பார்க்கலாம், பிறகு இங்கே கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் மகன் என்னை ஃபோனுக்குள் இருக்கிற ஏதோ ஒரு மாமா என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவான். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஏற்கெனவே அவன் திரையில் என்னைக் கண்டால் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளியத் தொடங்கியிருந்தான்.

வழக்கில் தோற்றவனுக்கு இன்னொரு வழி இருந்தது. வருடக்கணக்காக வேலை செய்த சம்பளத் துண்டுகளும், இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று பத்ரோன் கையெழுத்து வைத்த விண்ணப்பமும் இருந்தால் வேலையின் பேரில் கார்ட் கேட்கலாம். முதலாளியைத்தான் இங்கே எல்லாரும் பத்ரோன் என்போம். என்னுடைய பத்ரோன் கால்வாய்ப் பக்கம் ஒரு சிறிய பிரெஞ்சு ரெஸ்டோரண்ட் வைத்திருந்தார். கோபக்காரர். நானும் கோபக்காரன். அவர் பிரெஞ்சில் கத்துவார், நான் தமிழில் கத்துவேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காததால் வருடக்கணக்காக ஒரு சண்டையும் இல்லாமல் வேலை நடந்தது. விண்ணப்பத்தை நீட்டியபோது ஒரு கேள்வியும் கேட்காமல், ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, மீன் வெட்டுகிற மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதைக் கொடுத்த பிறகு பிரிபெக்சரில் ஒரு தற்காலிகத் துண்டு தந்தார்கள். அடுத்த தவணை இலையுதிர் காலத்தில் என்றார்கள்.

அப்போது மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குக் கிட்ட, ஐந்தாம் மாடியில் ஒரு அறையில் இருந்தேன். என்னோடு இருந்தவர் மன்னார்ப் பக்கத்தவர், கத்தோலிக்கர், என்னைவிட நன்றாக மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தெற்குப் புறநகரில் ஒரு பிட்சாக் கடையில் வேலை. அவருடைய கட்டிலின் தலைமாட்டில் செபமாலை தொங்கியது. சோறு அவிக்கிற பாத்திரத்துக்கு மேலே சுவரில் என்னுடைய பிள்ளையார் இருந்தார். அவர் மீன்குழம்பு வைத்தால் எனக்கும் எடுத்து வைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து, பக்கத்தில் இருந்து குடிக்கவும் வைத்தவர். ஆனால் அவருக்கு கார்ட் இருக்கிறதா, போட்டிருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. அவருடைய சூட்கேஸில் ஒரு பூட்டு இருந்தது. என்னுடையதில் இரண்டு.

2014 கோடை தொடங்கும்போது பத்ரோன் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு என்னை மேசையில் இருத்தினார். தனக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றினார். நான் குடிப்பதில்லை என்பதை மறந்து எனக்கும் ஊற்றினார். முதுகு இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கடையை விற்கிறேன், வாங்குகிறவர் இதை உடுப்புக்கடை ஆக்கப்போகிறார் என்றார். பிறகு என் டொசியேயை நினைத்து, நீ நல்ல வேலைக்காரன் என்று கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. முதல் தடவையாக அவர் கத்தாமல் பேசினார்.

சட்டத்தரணியிடம் ஓடினேன். அந்தப் பெண் வளைக்காமல் சொன்னாள். நல்ல வேலைக்காரன் என்ற கடிதம் செல்லாது. டொசியே ஒரு பத்ரோனின் கையெழுத்தில்தான் நிற்கிறது, அவர் போனால் இன்னொருவர் அதே கையெழுத்தை வைக்க வேண்டும். தவணைக்கு முன்னம் அப்படி ஒருவரைக் கொண்டுவந்தால் டொசியே உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், பிறகு நாட்டை விட்டுப் போ என்ற கடிதம்தான் வரும்.

மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அக்காவின் புருசனின் தம்பி லா சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கிறான். யாழ்ப்பாணத்தில் காலையில் ஒரு செய்தி புறப்பட்டால் மத்தியானம் அது லா சப்பலில் முருங்கைக்காயோடு சேர்ந்து விற்கப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்பாள்.

"என்னப்பா, அந்த விசயம் என்னமாதிரி?"

"நடக்குது."

"பத்ரோன் நல்ல மாதிரியோ?"

"நல்ல மனுசன்."

அதில் பொய் எதுவும் இல்லை. நல்ல மனுசன்தான். கடைதான் இல்லை.

அறையில் அண்ணைக்குத் தெரியக்கூடாது என்பது அடுத்த கவலை. வேலையில்லாமல் அறையில் கிடந்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே வழக்கமான நேரத்துக்கே எழும்பினேன், வழக்கமான நேரத்துக்கே பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. சமையலறையில் வேலை செய்கிறவன் வீட்டுக்கு வந்தால் எண்ணெயும் வெங்காயமும் மணக்க வேண்டும். பூங்காவில் குந்தியிருந்துவிட்டு வருகிறவன் எதுவும் மணக்கமாட்டான். பழைய கடையில் கடைசி நாள் போட்டிருந்த ஏப்ரனைத் தோய்க்காமல் வைத்திருந்தேன். அதைப் பையில் கொண்டுபோய்க் கொண்டுவந்து, அறைக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் கொழுவுவேன். அந்தக் கோடை முழுக்க எங்கள் அறை, இல்லாமல்போன ஒரு ரெஸ்டோரண்டின் வாசனையில் கிடந்தது.

பகலில் வேலை தேடினேன். லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் எத்தனை இருக்கின்றன, தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். ஒரு கடையிலும் கேட்கவில்லை. கேட்டால், "ஏன் தம்பி, பழைய இடம் என்ன மாதிரி?" என்பார்கள். கையெழுத்து வேண்டும் என்றால் விசயம் உடைந்துவிடும். ஒருநாள் மட்டும் பொறுக்க முடியாமல் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளியிடம், வேறு யாருக்கோ கேட்பது போல, ஒரு பெடியனுக்கு வேலை இருக்குமோ என்று கேட்டேன். "கார்ட் உள்ள பெடியனோ?" என்றார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வடையைக்கூட முடிக்காமல் எழும்பி வந்தேன். பிறகு சில வாரங்களுக்கு அந்தப் பக்கத் தெருவாலேயே போகவில்லை. என்னுடைய புத்தி அப்படி வேலை செய்தது.

ஆகவே தெரியாத ஊர்களில், தெரியாத மனிதர்களிடம், அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். ஏதாவது ஒரு ரயிலில் ஏறி ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி, ரெஸ்டோரண்ட் பலகை தெரிகிற கதவையெல்லாம் தட்டினேன். சிலர் மரியாதையாக இல்லை என்றார்கள். சிலர் வேலை தருகிறோம், கையெழுத்து மட்டும் கேட்காதே என்றார்கள். ஒருவர் என் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆட்டிறைச்சிக்கு விலை பேசுகிறவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். கேட்டுக் களைத்த பிறகு எங்காவது ஒரு பூங்கா வாங்கில் குந்தியிருப்பேன். ஒரு நாளில் நான் பேசிய சொற்களை எண்ணினால் பொன்சூர் என்ற வணக்கமும் மெர்சி என்ற நன்றியும்தான் மிஞ்சும். எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வரும். ஆனால் அந்த வாங்குகளில் கோபப்படவும் ஒரு ஆள் இருக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் லா சப்பலில் பிள்ளையார் தேர். தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீரும் கற்பூரமுமாகக் கிடந்தது. கூட்டத்துக்குள் அண்ணையைக் கண்டேன். கத்தோலிக்கர் என்றாலும் தேருக்கு வராமல் விடமாட்டார், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்பார்.

"வேலை இல்லையோ தம்பி?" என்றார்.

"இண்டைக்கு லீவு அண்ணை. உங்களுக்கு?"

"எனக்கும் லீவுதான்."

இரண்டு பேரும் மோர் குடித்தோம். தேர் எங்களைத் தாண்டிப் போனபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லவேண்டியதில்லை.

பிள்ளையார் கேட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். செப்டெம்பரில் எபினே-சூர்-செய்ன் என்கிற புறநகரில் ஒருநாள் நல்ல மழை. ஒரு வாசலில் ஒதுங்கி நின்றேன். அது கல்யாண வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் சமைத்துக் கொடுக்கிற இடமாம். எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து ஒரு மதாம் பாய்ந்து வந்து, ஏன் இவ்வளவு பிந்தி வருகிறாய் என்று கத்தி, என்னை உள்ளே இழுத்து, ஒரு ஏப்ரனை என்னிடம் தூக்கி எறிந்தார். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற முகவர் நிலையம் அனுப்பிய ஆள் என்று என்னை நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. பின்னேரம் வரை வெங்காயம் உரித்தேன், தட்டு அடுக்கினேன், அடுப்பில் நின்றேன். உண்மையான ஆள் வரவேயில்லை. வேலை முடிந்து பெயரைப் பதிய வந்தபோதுதான் விசயம் தெரிந்தது. மதாம் ஒரு கதிரையில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளைக்கும் வா என்றார். நான் துண்டை எடுத்து நீட்டி, கையெழுத்து விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பெருமூச்சு விட்டார். முன்னமும் ஒருவருக்கு வைத்தவராம், அந்த அலைச்சல் தெரியுமாம். இரண்டு கிழமை வேலையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பிரிபெக்சரில் தவணை நாள் வந்தது. இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்து இருக்க இடம் தேடியபோது, மூன்றாவது வரிசையில் அண்ணை இருந்தார்.

ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டொசியேயை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். என்னைக் கண்டார். நானும் அவரைக் கண்டேன். கண்ணும் கண்ணும் நேராகவே பட்டது. அடுத்த கணம் அவர் திரும்பிச் சுவரிலிருந்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். அன்று நான் போட்டிருந்தது நூல் இல்லாத சப்பாத்து.

பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் இருந்தேன். அவருடைய இலக்கம் முதலில் வந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். அதற்குப் பின்னால் இருந்த பெண் ஏதோ கேட்டாள், அவர் டொசியேயைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார், அவள் இல்லையென்று தலையாட்டித் தலையாட்டி வேறு எதையோ கேட்டாள். சீக்கிரம் முடிந்துவிட்டது. டொசியேயை மூடிக்கொண்டு, நான் இருந்த பக்கம் பார்க்காமல் வெளியே போனார். எழும்பிப் பின்னால் ஓட வேண்டும் போல் இருந்தது. ஆனால் திரையில் என் இலக்கம் எந்த நேரமும் வரலாம். இருந்துவிட்டேன். எனக்கு எல்லாம் சரியாக நடந்தது. புது பத்ரோனின் கையெழுத்தை ஏற்று, துண்டைப் புதுப்பித்துத் தந்தார்கள்.

பின்னேரம் அறைக்குப் போனபோது அண்ணை சோறும் பருப்பும் வைத்திருந்தார். எதிரெதிராக இருந்து சாப்பிட்டோம்.

"வேலை என்ன மாதிரித் தம்பி?"

"பிசி அண்ணை. உங்களுக்கு?"

"எனக்கும் பிசிதான், சொல்லி வேலையில்லை."

சாப்பிட்டு முடித்துச் சோற்றுக் கோப்பைகளைக் கழுவினேன். அவர் வழக்கம் போல் துடைத்து அடுக்கினார்.

டிசெம்பரில், நத்தாருக்கு முன்னம் அவர் அறையை விட்டுப் போனார். வில்லியே லே பெல்லில் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் வீட்டில் அறை இருக்காம், அங்கே வசதியாம். நான்தான் சூட்கேஸை மெட்ரோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. மீன் வாங்கினால் இரண்டு பேருக்கு வாங்கி வந்துவிடுவேன். கோபம் வரும்போது திட்டுவதற்குப் பிள்ளையார் மட்டும் இருந்தார்.

அடுத்த வருடம் கார்ட் வந்தது. வாங்கிக்கொண்டு நேரே லா சப்பலுக்கு வந்தேன். ஏன் அங்கே வந்தேன் என்று தெரியாது, கால் கொண்டுவந்துவிட்டது. தெரு முழுக்கத் தெரிந்த முகங்கள். தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். நான் போட்டிருந்ததே ஒருத்தருக்கும் தெரியாதபோது, கிடைத்துவிட்டது என்று யாரைப் பிடித்துச் சொல்வது? மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் அழுதாள். மகன் ஃபோனை வாங்கி, "எப்ப வருவீங்கள்?" என்று கேட்டான். அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனாலும் ஃபோனை வைத்த பிறகு, இந்தக் கார்ட்டை ஒருவர் கையில் கொடுத்து, அவர் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வில்லியே லே பெல்லுக்கு ரயில் ஏறினேன். பிறகு பஸ்.

அன்று செவ்வாய்க்கிழமை, வேலைநாள் மத்தியானம், ஆனாலும் அண்ணைதான் கதவைத் திறந்தார். சாரம் கட்டியிருந்தார், தாடி வளர்ந்திருந்தது. வீட்டில் வேறு ஒருத்தரும் இல்லை. கார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். வெள்ளெழுத்துக்காகத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டார்.

"அண்டைக்குப் பிரிபெக்சரிலை உங்களைக் கண்டனான் அண்ணை" என்றேன்.

"நானும் கண்டனான்."

"உங்கடை என்ன மாதிரி?"

அவர் லட்டில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

"என்ரை பத்ரோன் கடையைப் பூட்டிட்டான். தேருக்கு ஒரு கிழமைக்கு முன்னம். அவனோடை நிண்ட மற்றக் குசினிக்காரன் அந்தக் கோடை தொடங்கேக்கை விட்டிட்டுப் போட்டான். தனிய ஏலாதெண்டு ஆள் தேடித் தேடிப் பாத்தான். உங்கடை ஆள் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வா, அவனுக்கும் கையெழுத்து வைக்கிறன் எண்டான். எங்கடை ஆள் வந்தா என்ரை விசயம் தெரிஞ்சுபோடும். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிட்டன். ஒரு ஆள் கிடைச்சிருந்தா அவன் பூட்டியிருக்கமாட்டான்."

கையிலிருந்த லட்டைத் திரும்ப வைத்தேன்.

"அண்ணை, அந்தக் கோடை எனக்கு வேலை இல்லை."

"நீர் ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப் போனனீரெல்லோ."

"போனனான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கார்ட்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"சரி, உமக்காவது கிடைச்சுது."

"அண்ணை, என்ரை மதாமுக்கு இன்னொரு ஆள் தேவை. நான் கதைக்கிறன். கட்டாயம் கையெழுத்து வைப்பா."

"எனக்கு வேலை இருக்குத் தம்பி."

"எங்கை?"

"இஞ்சை, கிட்டத்தான்."

"டொசியே திரும்பப் போட்டனீங்களோ?"

அவர் எழும்பினார். "தேத்தண்ணி ஊத்தட்டே?" என்று கேட்டுக்கொண்டே குசினிக்குள் போனார்.

தேத்தண்ணி குடித்தோம். இரண்டாம் தடவையும் மதாமின் விசயத்தை எடுத்தேன். அவர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார். நடைபாதையில் ஒரு குருவிகூட இல்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நான் சொன்ன விசயம் ஒண்டையும் ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்."

"ஓமண்ணை" என்றேன்.

சொல்வதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.